பை சிஸ்டர்

அவைத் தலைவராக அமர்ந்து, முப்பது ஆண்டுகளாக எங்கள் வயிறுகளைத் திறந்து, திருத்தி, தைத்து, எங்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் அறுவை மருத்துவர் ஐயா அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமைதியாகவும், ஆனால் எங்களையெல்லாம் எண்ணிக்கொண்டும் அமர்ந்திருக்கும் மேட்ரன் அம்மையார் அவர்களே! கால் கடுக்க நின்று, கண் எரிய விழித்து, கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோன செவிலியச் சகோதரிகளே! பெற்று வளர்த்த தாய்மார்களே! பெறாமலேயே எங்களைப் பேணிக் காத்த தாய்மார்களே! நரை கண்ட பெரியோர்களே! நாளை காணவிருக்கும் இளையோர்களே! டிப்போவிலிருந்து சீருடையோடு வந்து நிற்கும் என் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தோழர்களே! இன்னும் இரண்டு கூட்டத்தார் பாக்கி இருக்கிறார்கள். வயிற்றில் பை வைத்திருக்கும் என் உறவுகளே! பை இல்லாத பாக்கியவான்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த பஸ் டிரைவரின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். முன்வரிசை சிரிக்கிறது, பின்வரிசை, "என்ன பை?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறது. சொல்கிறேன் ஐயா, மறைக்காமல் சொல்கிறேன், மென்று விழுங்காமல் சொல்கிறேன். சிலருக்குக் குடலில் நோய் வந்து, குடலில் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க நேரும். அப்போது மீதிக் குடலின் நுனியை வயிற்றில் ஒரு சிறு துளை போட்டு வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். செக்கச் செவேலென்று, ஒரு ரோஜா மொக்கு அளவில் அது வயிற்றின் மேல் உட்கார்ந்திருக்கும். மலம் அந்த வழியாகத்தான் வரும். அதை வாங்கிக்கொள்ள அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். மருத்துவர்கள் அந்த இடத்துக்கு ஸ்டோமா என்று பெயர் சொல்வார்கள். இன்றைய நாயகி அதற்கு வைத்திருக்கும் பெயர், வயித்து வாய்.

"மேடையில பேசுற பேச்சாங்க இது?" என்று காலையில் என் துணைவியாரே கேட்டார். மூன்றாம் வரிசையில் இருக்கிறார், இப்போதும் முறைக்கிறார். அவையோரே, நீங்களே சொல்லுங்கள். இதயத்தைப் பற்றி மேடையில் பேசலாம். கண்ணைப் பற்றிக் கவிதை பாடலாம். இடையைப் பற்றி எழுதினால் அது இலக்கியம். அந்த இடைக்குள்ளே இராப்பகலாக உழைக்கும் குடலைப் பற்றிப் பேசினால் மட்டும் இழுக்கா? மூன்று நாள் குடல் வேலைநிறுத்தம் செய்தால் எந்தக் கவிஞருக்கு ஐயா காதல் வரும்? சங்கத்துக்காரன் சொல்கிறேன், வேலைநிறுத்தத்தின் அருமை எனக்குத் தெரியும்!

நல்லது. கைதட்டலை மிச்சம் வையுங்கள். இன்று நாம் பாராட்ட வந்திருப்பது என்னையல்ல. இதோ, மேடையின் ஓரத்தில், நாற்காலியின் நுனியில், எப்போது எழுந்து ஓடலாம் என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாரே, இந்த நாற்பத்தெட்டு வயதுச் செவிலியரை! மருத்துவமனைக்குள் நுழைந்து இவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலருக்குத் தெரியாது. பை சிஸ்டர் எங்கே என்று கேளுங்கள். தரை துடைப்பவர் முதல் தலைமை மருத்துவர் வரை, லிஃப்ட் பக்கத்து அறையைக் கை காட்டுவார்கள். யாரோ கேலியாக வைத்த பெயர் அது. "நல்லாத்தானே இருக்கு, சுருக்கமா இருக்கு" என்று சொல்லி அந்தக் கேலியை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டவர் இவர்.

இவருடைய கதையை நான் இவரிடமிருந்தே கேட்டது கொஞ்சம், இவர் கணவரிடம் துருவித் துருவிக் கேட்டது மிச்சம். செவிலியர் படிப்பு முடித்து, இருபத்து மூன்று வயதில் அறுவைப் பிரிவு வார்டில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் மாதம் வயிற்று வலி வந்தது. வந்த வலி போகவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, பதினெட்டுத் தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டும். ரத்தம் போகும். குடலில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, வாழ்நாள் முழுக்கக் கூடவே குடியிருக்கும் நோய் அது. மருந்து கொடுத்தால் அடங்கும். அசந்த நேரத்தில் தலை தூக்கும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? யாரிடமும் சொல்லவில்லை! செவிலியர்தான், நோய்களுக்கு நடுவிலேதான் வேலை, ஆனாலும் சொல்லவில்லை. வேலைக்கு வரும் வழியில் எந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது, எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் சாவி தருவார் என்று மனத்துக்குள் ஒரு வரைபடமே வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் கூடிக் கூடிப் பேசினார்கள். வந்த மாப்பிள்ளை ஒரு தையற்காரர். அதோ, நான்காம் வரிசையில் வெள்ளைச் சட்டை. ஐயா, எழுந்து நிற்க வேண்டாம், கையை மட்டும் தூக்குங்கள். அவரிடம் இவர் தனியாகச் சொன்னாராம்: "எனக்கு வயித்துல ஒரு நோய் இருக்குங்க. அது போகாது. யோசிச்சுச் சொல்லுங்க." தையற்காரர் யோசித்தார். யோசித்துவிட்டுக் கேட்டார்: "சாப்பாட்டுல காரம் ஆகாதா உங்களுக்கு?" "ஆகாது." "அப்போ பிரச்சினை இல்லை. எனக்கும் ஆகாது." அவ்வளவுதான் ஐயா! கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

எட்டு ஆண்டுகள் இப்படி ஓடின. மகள் பிறந்தாள். நோய் முற்றியது. முப்பத்தோராவது வயதில், மருந்துகள் அத்தனையும் கைவிட்ட பிறகு, இதோ இங்கே தலைமை தாங்கும் நம் மருத்துவர் ஐயாதான் அவருடைய பெருங்குடலை எடுத்தார். எழுபது கிலோ நோயாளியைத் தனி ஆளாகப் புரட்டிப் படுக்க வைத்த கைகளால், தன் தண்ணீர்க் குவளையைக்கூடத் தூக்க முடியவில்லை. வயிற்றிலே வாய் வந்தது. வாயின் மேல் பை வந்தது.

ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அன்றைய மேட்ரன் என்ன செய்தார்? அன்றைய மேட்ரன், இன்றைய மேட்ரன், இருவரும் ஒருவரே, மேடையில்தான் இருக்கிறார், நான் பயந்துகொண்டுதான் சொல்கிறேன். "நீ இனிமே வார்டுல ஓட வேணாம்மா. ரெக்கார்டு ரூம்ல உக்காரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் அவையோரே, இரக்கம்கூடச் சில நேரம் ஒரு கதவைச் சாத்திவிடும்! தொட்டு வேலை பார்த்தவரைத் தூசுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். பழைய கோப்புகள், பீரோக்கள், ஒரு மேசை விசிறி.

வேறொருவராக இருந்தால் அங்கேயே ஓய்வுபெறும் வயது வரை உட்கார்ந்திருப்பார். இவர் கோப்புகளைப் படிக்க ஆரம்பித்தார்! தன்னைப் போலவே பை வைத்து வீட்டுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடினார். மூன்று ஆண்டுக் கோப்புகள், அறுபத்திரண்டு நோயாளிகள். அதில் நாற்பது பேர் ஒரே மாதத்துக்குள் மறுபடி வந்து படுத்திருக்கிறார்கள். அறுவை கெட்டுப்போய் அல்ல. பை ஒழுகித் தோல் வெந்துபோய் வந்தவர்கள். உடம்பில் உப்பும் நீரும் வற்றி மயங்கி வந்தவர்கள். ஒரு கொத்தனார், பையில் ஒன்றும் வரக்கூடாது என்பதற்காகச் சாப்பாட்டையே நிறுத்தியிருக்கிறார். ஐம்பத்தெட்டு கிலோவாகப் போனவர் முப்பத்தொன்பது கிலோவாகத் திரும்பி வந்தார். சாப்பிட்டால் பை நிறையும், நிறைந்தால் ஒழுகும், ஒழுகினால் பேரன் பக்கத்தில் வரமாட்டான். இதுதான் அந்த மனிதரின் கணக்கு.

ஒரு தாளில் எழுதினார் சகோதரி. ஒரே ஒரு தாள். அதை எடுத்துக்கொண்டு மருத்துவர் ஐயாவின் அறைக்குப் போனார். ஐயா பார்த்தார். முகம் சிவந்தது. "நான் நல்லாத்தானேம்மா தைக்கிறேன்?"

"ரொம்ப நல்லா தைக்கிறீங்க சார். என்னையே தைச்சிருக்கீங்களே, எனக்குத் தெரியாதா? ஆனா வீட்டுக்குப் போய் என்ன பண்ணணும்னு இவங்களுக்கு யாருமே சொல்லலை சார். எனக்கே யாரும் சொல்லலை. நர்ஸுதானே, தெரியும்னு விட்டுட்டாங்க. எனக்குத் தெரியலை. ரெண்டு மாசம் தோல் வெந்து கிடந்தேன்."

ஐயா அந்தத் தாளை இன்னொரு முறை படித்தாராம். பிறகு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"ஒரு ரூம் சார். கதவு சாத்துற மாதிரி. உள்ளே ஒரு கண்ணாடி, ஒரு குழாய்."

லிஃப்ட் பக்கத்தில் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் கொடுத்தார்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த அறை திறந்தது. திறந்த அன்று முதல் ஆளாக உள்ளே போனவர் அந்தக் கொத்தனார்!

இனி என் கதைக்கு வருகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, டிப்போவில் எனக்கு 'மைக்கு' என்று பெயர். கையில் கிடைத்தால் விடமாட்டேன் என்று தெரிந்துதானே கூப்பிட்டீர்கள்?

ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் எனக்கு மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். அறுவை நடந்தது. புற்று போனது, பை வந்தது, நிரந்தரமாக வந்தது. ஆயிரம் பேருக்கு முன்னால் முழங்கியவன் நான். நிர்வாகத்தின் வாசலில் நின்று நெஞ்சை நிமிர்த்தியவன் நான். அந்த நான், கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான்கு நாள், என் வயிற்றை நானே பார்க்கவில்லை. துணைவியார் பக்கத்தில் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். "இதுக்கு என்னைச் சாக விட்டிருக்கலாம்" என்று சொன்னேன். அதைக் கேட்டு அவர் வராந்தாவில் போய் அழுததை, பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஐந்தாம் நாள் காலை இவர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில், என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "அண்ணே, வண்டி வழியில பஞ்சர் ஆனா என்ன பண்ணுவீங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சீட்டுலயே திரும்பிப் படுத்துக்குவீங்களா? இறங்கிப் பார்ப்பீங்கதானே?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்னம்மா தெரியும்? வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு வந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிடலாம். வயித்துல இதைக் கட்டிக்கிட்டு ஒரு நாள் இருந்து பாருங்க, தெரியும்!"

அப்போது ஒரு சத்தம் கேட்டது. 'டுர்ர்ர்' என்று, கதவு கீலைப் போல. நான் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். என்னுடையது அல்ல. சகோதரி தன் இடுப்புப் பக்கம் கையை வைத்து லேசாக அழுத்தினார்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. என் ஆளு. பதினோரு வருஷமா கூட இருக்காரு. நான் எப்போ முக்கியமா ஒண்ணு பேச ஆரம்பிச்சாலும், அவருக்கும் அப்பதான் பேச்சு வரும்."

அவையோரே! எத்தனையோ பேச்சாளர்களைக் கேட்டவன் நான். ஆனால் என் ஆயுளில் கேட்ட ஆகச் சிறந்த பேச்சு, சொல்லில்லாத, பொருளில்லாத, இலக்கணமில்லாத அந்த 'டுர்ர்ர்'தான்! நான்கு நாள் கழித்து முதன்முறையாகச் சிரித்தேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் காத்திருந்தார். பிறகு, "இறங்கிப் பார்க்கலாமா?" என்றார். போர்வையை விலக்கினேன். பார்த்தேன்.

அன்று தொடங்கியது பாடம். அட்டையை வைத்து வாயின் அளவை எடுக்கச் சொன்னார். "துளை பெருசா வெட்டினா தோல் வேகும், சின்னதா வெட்டினா வாய் நெரியும். அளவைவிட ஒரு நூல் கூட. அவ்வளவுதான்." தோலைத் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, பையை ஒட்டி, மேலே உள்ளங்கையை வைத்துச் சூடேற்றச் சொன்னார். "மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதும் காலி பண்ணிடணும். நிறையட்டும்னு காத்திருக்கக் கூடாது, இது உண்டியல் இல்லை." கோணல்மாணலாக ஒட்டினேன். கழன்றது. கட்டில் நாசமானது. துப்புரவு அம்மா முன்னால் தலை குனிந்தேன். சகோதரி அவரிடம், "இன்னைக்கு அண்ணன் மூணாவது தடவை ஒட்டினாரு, அக்கா. நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவலை" என்றார். நனைந்த விரிப்பை அவமானமாகப் பார்க்காமல் பயிற்சியாகப் பார்த்த அந்தப் பார்வை இருக்கிறதே, அது எந்த மருந்துக் கடையில் ஐயா கிடைக்கும்?

என் துணைவியாரையும் கூப்பிட்டார். "அக்கா, நீங்க கத்துக்கோங்க. ஆனா அண்ணனுக்கு நீங்க மாட்டி விடாதீங்க. அவரே மாட்டட்டும். நீங்க பொண்டாட்டி, நர்ஸ் இல்லை." அந்த ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. மேடையில் சொல்கிறேன், அவர் முறைத்தாலும் சொல்கிறேன்.

தையற்காரர் ஐயா பைக்கு மேலே போட மெல்லிய துணியில் உறை தைத்துத் தருகிறார். இந்தச் சட்டைக்குள்ளே இப்போது ஒரு நீலக் கோடு போட்ட உறை இருக்கிறது. காட்டச் சொல்லாதீர்கள்!

நோயாளிக்கு மட்டும்தான் பாடமா? மருத்துவர்களுக்கும் நடத்தினார்! புதிதாகப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் ஒவ்வொருவர் வயிற்றிலும் ஒரு பையை ஒட்டி, அதில் மாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, "ஒரு நாள் இதோட வேலை பாருங்க டாக்டர்" என்று அனுப்பிவிடுவார். முதல் ஆண்டே ஒருவருக்கு லிஃப்டுக்குள் கழன்றுவிட்டது. லிஃப்ட் நிறைய ஆட்கள். அவர் வெலவெலத்துப் போய், "இது மாவு, வெறும் மாவு, மாவுதாங்க!" என்று கத்தியிருக்கிறார். சகோதரி அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போய்த் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க மாவுன்னு சொல்லிட்டீங்க டாக்டர். என் பேஷண்ட் என்ன சொல்லுவார்?" அந்த இளைஞர் இன்று பெரிய அறுவை மருத்துவர். இன்றுவரை எந்த நோயாளியையும், துளை எங்கே வந்தால் உடை உடுத்த வசதி என்று நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியவைத்துப் பார்க்காமல் அவர் கத்தியைத் தொடுவதில்லை.

என்னிடமும் ஒன்று கேட்டார். "அண்ணே, உங்க டிப்போ டாய்லெட்டுல ஒரு கொக்கியும் ஒரு பலகையும் அடிச்சுத் தர முடியுமா? சட்டையை மாட்ட ஓர் இடம், கத்தரிக்கோலை வைக்க ஓர் இடம். வாயில கவ்விக்கிட்டு எத்தனை நாள் மாத்துறது?" எத்தனையோ கோரிக்கைகளை நிர்வாகத்தின் முன் வைத்திருக்கிறேன். இத்தனை சின்னக் கோரிக்கையை வைத்ததில்லை. இத்தனை பெரிய வெற்றியையும் கண்டதில்லை! ஒன்பது டிப்போக்கள் தோழர்களே, ஒன்பது டிப்போக்களிலும் கொக்கி! ஒன்பது டிப்போக்களிலும் பலகை! பயணிகள் யாரும் உள்ளே வரலாம். ஏன் எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது! ஆம், தட்டுங்கள். இதற்குத் தட்டலாம்.

ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் அவர் நின்றுகொண்டு செய்த வேலை. படுத்துக்கொண்டு செய்த ஒரு வேலையைச் சொல்லாவிட்டால் என் பேச்சு பாதிதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவருடைய நோய் சிறுகுடலில் தலை தூக்கியது. குடல் அடைத்துக்கொண்டது. தான் வேலை பார்த்த வார்டிலேயே, மூக்கில் குழாயோடு, கையில் சொட்டு மருந்தோடு படுத்திருந்தார். அதே வார்டில், நான்கு கட்டில் தள்ளி, பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பெண் ஒருத்தி. அதே நோய். எந்த மருந்துக்கும் நோய் அடங்கவில்லை. பெருங்குடல் வீங்கி, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்ற நிலை. எடுத்தாக வேண்டும் என்றார் ஐயா. அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். "பையோட வாழறதுக்குச் சாகறதே மேல்." அவளுடைய அப்பா ஒரு தச்சர். மகள் கையெழுத்திட வேண்டிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றார். அவளாகச் சம்மதிக்காமல் யார் என்ன செய்ய முடியும்? இரண்டு நாளைக்கு மேல் பொறுக்க முடியாது என்றார் ஐயா. அதில் ஒரு நாள் போய்விட்டது.

அன்று பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், நானும் துணைவியாரும் சகோதரியைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் எழுந்து உட்கார்ந்தார். "அக்கா, அந்தக் கம்பியைக் கொஞ்சம் தள்ளிக்கிட்டு வாங்க" என்று சொட்டு மருந்துக் கம்பியைக் காட்டினார். நாங்கள் இருபுறமும் பிடித்துக்கொள்ள, நான்கு கட்டில் தூரத்தை நான்கு மைல் போல நடந்தார். அந்தப் பெண்ணின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "நீங்கதான் பை சிஸ்டரா? பை வச்சா சரியாயிடும்னு சொல்ல வந்தீங்களா? நீங்க பை வச்சும் இப்படி மூக்குல குழாயோட கிடக்குறீங்களே!"

என்ன பதில் சொல்வார்?

சகோதரி சொன்னார்: "ஆமாம்மா. சரியாகாது. இந்த நோய் போகாது. போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதே. எனக்கு மறுபடி வந்திருக்கு, உனக்கும் வரலாம். நேத்து நானும் அழுதேன்."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு தசை தளர்ந்ததை நான் பார்த்தேன். அதுவரை அவளிடம் வந்தவர்கள் அத்தனை பேரும் தைரியம் சொன்னார்கள். முதன்முதலாக ஒருவர் உண்மை சொன்னார்!

"அப்புறம் எதுக்கு வைக்கணும்?" என்றாள்.

"எனக்குப் பதினஞ்சு வருஷம் கிடைச்சுதும்மா. என் பொண்ணுக்கு அப்போ மூணு வயசு. அவளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கடல்ல இறங்கிக் குளிச்சேன், பை கழண்டுடுமோன்னு பயந்துகிட்டே குளிச்சேன், கழலலை. மேட்ரன்கிட்ட சண்டை போட்டேன். எட்டு மணி நேரம் பஸ்ஸுல உக்காந்து ஊருக்குப் போனேன், டீக்கு வண்டி நின்ன இடத்துல காலி பண்ணிக்கிட்டேன், நடுவுல ஒரு தடவைகூட நிறுத்துங்கன்னு கேக்கலை."

பெண் நிமிர்ந்தாள். "எட்டு மணி நேரமா? எந்த சீட்டுல?"

"ஜன்னல் சீட்டுல."

அவையோரே, அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அவள் பஸ்ஸில் கதவோர இருக்கையைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. எந்த நிமிடமும் இறங்கி ஓட வேண்டியிருக்கும். முப்பது ஆண்டு பஸ் ஓட்டியவன் நான். கண்ணாடியில் எத்தனை முகம் பார்த்திருப்பேன்! கதவோரத்தில் கம்பியை இறுகப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளாவது நினைத்திருப்பேனா?

பிறகு அவள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். "நாத்தம் வருமா?" "காலி பண்றப்ப வரும். யாருக்குத்தான் வராது?" "யாராவது என்னைக் கட்டிப்பாங்களா?" "தெரியாதும்மா. என்னைக் கட்டிக்கிட்டவர் பை வர்றதுக்கு முன்னாடியே கட்டிக்கிட்டார். ஆனா ஓடிப் போகலை." எதற்கும் தேன் தடவவில்லை. ஒரு மணி நேரம். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. அந்தப் பெண் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "அப்பா, பேப்பரைக் கொண்டாங்க."

அறுவை நடந்தது. பிழைத்தாள். எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லமாட்டேன். முதல் மாதம் பையைப் பிய்த்துச் சுவரில் எறிந்தாள். அப்பாவோடு பேசாமல் இருந்தாள். சகோதரிக்குப் போன் செய்து திட்டினாள். சகோதரி திட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, இப்போ புதுசு ஒட்டிட்டியா?" என்று கேட்டார். இன்று அவள் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? இறுதியாண்டுப் பரீட்சை! மூன்று மணி நேரத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள் இந்த நேரத்தில்!

ஆனால் சகோதரிக்கு? அடைப்பு விலகவில்லை. இரண்டாவது அறுவை. குடலில் இன்னும் ஒரு முழம் போனது. அவர் படுத்திருந்த நாட்களில் லிஃப்ட் பக்கத்து அறை பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் பெஞ்சில் ஆட்கள் வந்து உட்கார்ந்து, காத்திருந்து, திரும்பிப் போனார்கள். அதைக் கேள்விப்பட்டு, பதினெட்டாம் நாளே எழுந்து வேலைக்கு வந்தார். தாழ்வாரத்திலேயே மயங்கி விழுந்தார். தாங்கிப் பிடித்தவர் மேட்ரன் அம்மையார். முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, அம்மையார் சொன்னதை அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள்: "அன்னைக்கு உன்னை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பினேன், அது தப்பு. இன்னைக்கு வீட்டுக்கு அனுப்புறேன், இது தப்பில்லை. கிளம்பு." அம்மையாரே, மேடையறிய உங்களை வணங்குகிறேன். தப்பு என்று சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும்.

அந்த அறை இவர் ஒருவர் தோளில் மட்டும் நிற்கக்கூடாது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. ஆனாலும் மேடைப் பழக்கம் விடுமா? இந்த விழாவுக்காக நான் முதலில் எழுதிய பேச்சில் இவரைத் தியாகச் சுடர் என்று எழுதியிருந்தேன். தெய்வம் என்று எழுதியிருந்தேன். நேற்று படித்துக் காட்டினேன். சகோதரி கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணே, தெய்வம்னு சொல்லாதீங்க. தெய்வத்துக்கு லீவு கிடையாது. எனக்கு வேணும்."

சிரிக்கிறீர்கள், நான் சிரிக்கவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன். எத்தனை பேரை இப்படிப் புகழ்ந்து புகழ்ந்தே தேய்த்திருக்கிறோம்? போற்றிப் போற்றியே பொறுப்பை அவர் ஒருவர் தோளில் போட்டிருக்கிறோம்? நோயாளியைத் தூக்கி நிறுத்தியவர் தானும் ஒரு நோயாளி என்பதை எத்தனை வசதியாக மறந்தோம்? மாலை போடுவது சுலபம் தோழர்களே! சுமையில் ஒரு பக்கம் பிடிப்பதுதான் பாராட்டு! பிடித்தோமா? பிடித்தோம்!

கடந்த ஓராண்டாக இரண்டு இளம் செவிலியர்கள் அவரிடம் பயின்றிருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக, பை வைத்திருக்கும் நாங்கள் பதின்மூன்று பேர் பயின்றிருக்கிறோம்: ஒரு வெல்டர், ஓர் ஆசிரியை, காய்கறிக்கடைக்காரர், அந்தக் கொத்தனார், நான். எங்களுக்குத் தேர்வு வைத்தார். நான் தோற்றேன்! புது நோயாளியிடம் அரை மணி நேரம் வீர உரை ஆற்றினேன். சகோதரி வெளியே கூப்பிட்டார். "அண்ணே, நீங்க கேக்க வந்தவரு, பேச வந்தவரு இல்லை." இரண்டாம் முறையும் தோற்றேன். மூன்றாம் முறை, முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்த ஒரு வாத்தியக்காரர் பக்கத்தில் நாற்பது நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் துணைவியார் இதை நம்பவே இல்லை. நாற்பதாவது நிமிடம் துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "உங்களுக்கும் இருக்கா?" நான் ஒரே சொல் சொன்னேன்: "இருக்கு." தேறிவிட்டேன்!

தலைவர் ஐயா இப்போது ஒரு தாளை எடுத்துக் கொடுக்கப்போகிறார். அது விருது அல்ல. மேட்ரன் அம்மையார் கையெழுத்திட்ட விடுப்பு உத்தரவு. பத்து நாள். பதினாறு ஆண்டுகளில் அவர் எடுத்த விடுப்பெல்லாம் படுக்கையில் கிடப்பதற்காக எடுத்தது. இது அப்படியல்ல, கணவரோடும் மகளோடும் சும்மா இருப்பதற்கு! சகோதரியே, எழுந்து வாருங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட் பக்கத்து அறை திறக்கும். கண்ணாடி துடைத்திருக்கும். குழாயில் தண்ணீர் வரும். பெஞ்சில் காத்திருப்பவரை உள்ளே வாங்க என்று கூப்பிட ஆள் இருக்கும். நீங்கள் இல்லாமலேயே அந்த அறை திறந்திருக்கும். அதைத் திறந்து வைக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்!

கூச்சப்படாமல் கேட்ட தாய்மார்களுக்கும், இடையில் எழுந்து போகாத பெரியோர்களுக்கும், மணியடிக்காமல் பொறுத்த தலைவருக்கும், முறைப்பை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் துணைவியாருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. மைக்கை நானாகவே கீழே வைக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள். வணக்கம்.